ஏழாவது கட்டம்

பெயர். வயது. ஆணா, பெண்ணா.
ஊர். படுக்கை எண்.
கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்.
ஏழாவது கட்டம்:
ஆபத்து நேரத்தில் உதவி தேவைப்படுமா?

எல்லோரும் வேணாம் என்கிறார்கள்,
ஏதோ நான் டீ நீட்டியதுபோல.

துறைமுகத் தகரக் கொட்டகை.
மேசையின் ஒரு காலுக்கடியில்
போன வருடக் காலண்டரை மடித்து வைத்திருக்கிறேன்.
அந்தமான் கப்பல் நாலு மணிக்கு.
வரிசையில் ராஞ்சிக்காரர்கள், சீக்காகுளத்துக் கொத்தனார்கள்,
கல்யாணத்துக்குப் போகும் தேனிக் குடும்பம்,
ஐந்து பெட்டி, ஒரு அம்மிக்கல்.

அந்தோணிப்பிள்ளை, எழுபத்தொன்று, பங்க் வகுப்பு.
ஏழாவது கட்டத்தைக் கேட்டேன்.
"நாலு மணிக்குத்தானே?" என்றார்.
மறுபடி கேட்டேன்.
"பையன் வருவான், கூட்டிப் போக."
அவர் மனைவி என் பக்கம் குனிந்தார்.
"காது சுத்தமா கேக்காது.
எழுதாதம்மா, கோச்சுக்குவார்."

எழுதினேன்.
இரவு இரண்டு மணிக்கு
ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல்
கப்பல் முழுக்கக் கத்தினாலும்
அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.
யாரோ ஒருவர் படியிறங்கிப் போய்த்
தோளைத் தட்ட வேண்டும்.
அந்த ஒருவருக்காகத்தான் எழுதினேன்.

அடுத்து நாற்பது நாள் குழந்தை.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
"டிக்கெட்டே கிடையாது, எதுக்கு எழுதற?"
என்றான் அப்பன்.
தண்ணீர் டிக்கெட் கேட்காது
என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
'ரொசாலியாவின் மகள்' என்று எழுதினேன்.
பக்கத்தில்: சின்ன மிதவைச் சட்டை, ஒன்று.

மூன்றே முக்கால்.
ஏணியடியில் சாதிக் பாட்சா
தலைக்கொரு தரம் எண்ணியை அமுக்கிக்கொண்டிருந்தார்.
அவர் கணக்கு நானூற்றுப் பதின்மூன்று.
என் தாளில் நானூற்றுப் பன்னிரண்டு.

பேனாவை மூடினேன்.

"ஒரு ஆள் கூடத்தானே, குறையலியே" என்றார் ஏஜென்ட்.
இழுவைப் படகு உறுமியது.
"இன்னாம்மா, இத்தினி பேரைப் பேஜார் பண்ற"
என்றான் கயிறு அவிழ்க்க நின்றவன்.

கூட ஒரு ஆள் என்றால் என்னவென்று
காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள்.
டோக்கனில் எத்திராஜ் என்று இருந்தது.
எத்திராஜுக்குக் காய்ச்சல்.
அவனுக்குப் பதில் விசைப்படகில் ஏறியவன் என் தம்பி.
புயல் அடித்து ஓய்ந்ததும்
காகிதத்தில் எத்திராஜ் காணாமல் போனான்;
எங்கள் தெருவில் உட்கார்ந்து
கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.
தேடப் போன படகுகள்
மூன்று நாள் மைக்கில் கூப்பிட்டதும்
எத்திராஜ், எத்திராஜ் என்றுதான்.
மதுரைமுத்து என்று ஒருவரும்
கடலைப் பார்த்துக் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் ஏஜென்டிடம் சொல்லவில்லை.
"எண்ணுங்க" என்றேன்.

முப்பத்தெட்டு நிமிஷம்.
கீழ்த்தட்டில், காலிப் படுக்கையில்,
அக்காவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்த
எர்ணாவூர்ப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.
சட்டையைப் பிடித்து இறக்கினார்கள்.
"ஃபேன் காத்து சூப்பரா வந்துச்சுக்கா,
கண்ணு சொக்கிக்கிச்சு" என்றான்.
ஏசத்தான் நினைத்தேன். சிரித்துவிட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு. கையெழுத்து.
ஒரு பிரதி கப்பலுக்கு.
ஒன்று கரைக்கு;
கப்பலோடு மூழ்குகிற பட்டியலை வைத்து
யாரைத் தேடுவது?
இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.
மூன்று நாள் அதை யாரும்
திறக்காமல் இருக்க வேண்டும்.

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ.
பின்னால் ஐந்து பேர்,
டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர்,
கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஒருவர்.
எதிரே கன்டெய்னர் லாரி
வழிவிடாமல் வருகிறது.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்தவளிடம்
பெயர் என்ன என்று கேட்டேன்.
"எதுக்குக் கேக்கற?" என்றாள்.
கொஞ்சம் போனதும், ரோட்டைப் பார்த்தபடி,
"தேசம்மா" என்றாள்.